மருமகன் துப்பாக்கிக்கு நான் சொன்ன கனம்

வேப்பங்கிளையில் வெட்டிய இரண்டு கட்டைகள் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டும் ஒரே நீளம். தரையில் ஊன்றினால் என் இடுப்புக்குச் சற்று மேலே வரும். ஒன்றில் வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளை நைலான் நூலால் நெருக்கிக் கட்டியிருந்தது. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குண்டுகள்தான். நான்கு வருடத்துக்கு முன்பு, ஈஸ்டர் முடிந்த வாரத்தில், என் மருமகன் எங்கள் வீட்டுக் கொல்லையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவற்றைச் செய்தார். அவர் வாங்க நினைத்திருந்த இரண்டு துப்பாக்கிகளுக்குப் பதிலாக அந்த இரண்டு கட்டைகள். எது தனக்குத் தோது என்பதை உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். நம் ஊரில் துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. கட்டையைத் தூக்கிப் பார்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

மருமகன் எங்கள் தூத்துக்குடிக்கு அடுத்த சாயர்புரம் பக்கத்துப் பிள்ளை. அவர்கள் சபை வேறு, நாங்கள் மாதா கோயில். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் அதைப் பற்றிக் கொஞ்சம் முனங்கிவிட்டு, அப்புறம் ஒரே பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். அவர் நியூசிலாந்து நாட்டில் ஒரு பால் பண்ணையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். என் மகள் அதே ஊரில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த ஈஸ்டருக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பனாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவர் மட்டும் வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கும் மாப்பிள்ளையைப் பார்த்து என் மனைவி முதல் நாள் பதறினாள். மூன்றாம் நாள் என் தட்டையும் நானே கழுவினால் என்ன என்று கேட்டாள்.

அவருக்கு அந்த நாட்டில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. லீவு நாளில் மலையேறி வேட்டைக்குப் போவது. நம் நாட்டில் வேட்டை குற்றம், அது எல்லோருக்கும் தெரியும். அங்கே அப்படி இல்லையாம். நம் வரையாட்டுக்குச் சொந்தக்கார ஆடு ஒன்றை, வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் இமயமலையிலிருந்து கப்பலில் கொண்டுபோய் அந்த மலைகளில் விட்டார்களாம். அது பெருகிப் பெருகி மலையில் இருக்கிற புல் பூண்டையெல்லாம் மேய்ந்து தீர்க்கிறதாம். அதனால் அரசாங்கமே சுடச் சொல்கிறது. உரிமம் வாங்கித்தான் சுட வேண்டும், அதற்கும் பரீட்சை எழுதியிருக்கிறார். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். "துப்பாக்கி துப்பாக்கின்னு சத்தமாச் சொல்லாதீய. தெருவுல கேக்கப் போவுது." அப்புறம் மெதுவாக, "பாவமில்லையா மாப்ள?" என்று கேட்டாள். அவர், "சுட்டத அப்படியே போட்டுட்டு வந்தாப் பாவந்தான் அத்தே. நாங்க கறிய முதுகுல சொமந்து கொண்டாந்து நாலு வீட்டுக்குக் குடுக்கோம்" என்றார். பாவம் என்று பேச எனக்குத் தகுதியில்லை. கடலுக்குள் போய் உயிரோடு இருந்த சங்கை வாழ்நாளெல்லாம் பொறுக்கியவன் நான்.

ஆனால் எனக்கு வேறொரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் வந்து சேர்வதற்கு முந்தின நாளே மகள் போனில் அழுதாள். அதற்கு முந்தின வருடம் முதலாளியிடம் கனத்த துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தனியாக மலைக்குப் போயிருக்கிறார். மத்தியானம் திரும்ப வேண்டியவர் இருட்டும்வரை வரவில்லை. இறங்குகிற வழியில் கால் துவண்டு, ஓடைக்கல்லில் வழுக்கி, வலது முட்டி வீங்கிப் போய், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்து சேர்ந்திருக்கிறார். அதுவரை இவள் எங்கே போய்த் தேடுவது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றிருக்கிறாள். "இன்னொரு தடவ அப்படி நிக்க என்னால முடியாதுப்பா. துப்பாக்கிய வாங்குனா நான் ஊருக்கு வந்துருவேன். நீங்க சொன்னா அவுங்க கேப்பாங்க. வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கொடுத்தேன்.

கொல்லையில் அவர் வேப்பங்கிளையைச் சீவிக்கொண்டிருந்தபோது அதைச் சொல்லிவிடுவது என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அந்த மலையில அப்படி என்னதான் இருக்கு மாப்ள?" என்று கேட்டேன். அவர் சீவுவதை நிறுத்தவில்லை. முதல் இரண்டு வருடம் பண்ணையில் மாடுகளோடும் மோட்டாரோடும் தவிர யாரோடும் பேசவில்லை என்றார். முதலாளி ஒருநாள் வண்டியில் ஏற்றி மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "மேல ஏறினப்பறம் மனுசரே கெடையாது மாமா. வீட்டுல சத்தமாப் பாட்டுப் பாடி ஜெபிச்சா பக்கத்து வீட்டுக்காரன் என்ன நெனப்பானோன்னு இருக்கும். அங்கனதான் நான் வாய்விட்டு ஜெபிக்கது. ஊருல எங்கப்பா வயக்காட்டுல நின்னு பாடுவாருல்லா, அதே மாதி." ஆட்டைப் பார்க்காமல் திரும்பிய நாட்களும் உண்டு, அந்த நாட்களிலும் சந்தோஷமாகத்தான் திரும்பினேன் என்றார். ஒரு மனிதன் கடவுளைக் கூப்பிடுகிற இடத்துக்குப் போகாதே என்று எப்படிச் சொல்வது? மகளுக்குக் கொடுத்த வாக்கை அப்படியே விட்டுவிட்டு, அவர் சீவிப் போட்ட சிராய்களைக் கூட்டி அள்ளினேன்.

அப்புறம் அவரே துப்பாக்கிப் பேச்சுக்கு வந்தார். முதலாளியின் பழைய துப்பாக்கியை அவரே இவருக்குத் தருகிறேன் என்கிறாராம். அக்ரூட் மரக்கட்டை போட்டது, தடித்த குழல், மேலே தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப். எல்லாம் சேர்த்து நாலேகால் கிலோ. தோளில் உதைக்காது. மூச்சு வாங்கிக்கொண்டு குறி பார்த்தாலும் அலையாமல் நிற்கும். இன்னொன்று கடையில் பார்த்து வைத்தது. அடிக்கட்டை மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் போல ஏதோ ஒரு நார்ப்பொருள், குழல் மெல்லிசு, நீளமும் குறைவு. ஸ்கோப், தோள்வார், குண்டு எல்லாம் சேர்த்தும் மூன்று கிலோதான். மலைக்கென்றே செய்தது. அதற்கும் குறை உண்டு. லேசாக இருப்பதால் தோளில் நன்றாக உதைக்கும். இரண்டு மூன்று தடவை சுட்டால் குழல் சூடாகிக் குறி விலகும். காற்றடித்தால் கையில் நிற்காது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "நீங்க கனத்தோட பாடுபட்டவுக. நீங்க சொல்லுங்க மாமா" என்றார்.

கட்டைகளை நிறுக்க அடுத்த நாள் காலை மீன் விற்கும் அக்காவிடம் போனோம். தெருமுனையில் எலக்ட்ரானிக் தராசு வைத்து விற்பவள், வாய் கொஞ்சம் நீளம். படகுகளெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேறிக் கிடந்ததால் அவள் முன்னால் நண்டும் கொஞ்சம் ஊளி மீனும்தான் இருந்தன. நான் கட்டையைத் தராசில் வைத்ததும், "என்ன அண்ணாச்சி, மீனில்லன்னு கட்டையக் கொழம்பு வைக்கப் போறியளா?" என்றாள். மருமகன் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் வைக்க, அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாப்ள, அந்தக் கட்டைக்குச் செதில் எடுக்கணுமா, துண்டு போடணுமா?" என்றாள். கூட்டமே சிரித்தது. மருமகனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் கிராம் பிசகாமல் இரண்டையும் நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் இருபத்தாறு வருடம் சங்கு குளித்தவன். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயப்பட்டை கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி இறங்குவோம். ஈயம் குறைந்தால் நீரோட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், தரையில் கால் பாவாது, சங்கு கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது. கனம் இருந்தால்தான் நிலை. காற்றும் நீரோட்டம் போலத்தானே என்று நினைத்தேன். "மாப்ள, கனமானதையே எடுங்க. லேசான பொருள் ஒருநாளும் நெலைக்கு நிக்காது" என்றேன். "சரி மாமா" என்றார். அங்கேயே முதலாளிக்கு, உங்கள் துப்பாக்கியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல வாக்குக் கொடுத்தவன், எதை வாங்குவது என்றே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், மாப்பிள்ளை என் சொல்லுக்குக் கட்டுப்பட்டாரே என்ற பெருமையும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நாலேகால் கிலோ என்று முடிவான பிறகு அதைத் தூக்கி ஏறிப் பழக வேண்டும் என்றார் மருமகன். தூத்துக்குடியில் மலைக்கு எங்கே போவது? எங்களுக்கு மலை என்றால் உப்பு மலைதான். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அப்போது ஓர் உப்பளத்தில் காவலுக்கு இருந்தார். அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சங்கு குளிக்கிறவனுக்கு மேலே படகில் நின்று கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். குளிப்பவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி அவர் கையில் இருக்கும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். காரணம் எளிது. கூடப் பிறந்தவள் தாலி அறுப்பதை எந்த அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். என் கயிற்றை இருபத்தாறு வருடமும் பிடித்தவர் அவர். ஒரு நாள்கூட வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனதில்லை. வெயிலில் நின்று நின்று அவர் உதடு எப்போதும் வெடித்திருக்கும். அதே உதட்டால் ஊரையெல்லாம் கிண்டல் செய்வார்.

காலை ஏழு மணிக்கே அளத்தில் வெள்ளை கண்ணைக் குத்தியது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். ரசாயனக் கம்பெனிக்குப் போகிற உப்பு, சாப்பாட்டுக்கு இல்லை, அதனால் ஏறலாம் என்றார் மச்சான். மருமகன் கனமான கட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்லும் துணியும் திணித்த பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார். உப்பு காலடியில் சரிந்தது. ஓர் அடி ஏறினால் அரை அடி கீழே வந்தார். மலையில் சரளைக்கல் இப்படித்தான் சரியும் என்று மேலிருந்து சந்தோஷமாகக் கத்தினார். மச்சான் கீழே நின்று, "ஏலே மாப்ள, அங்கன ஆடு ஏதும் தெரியுதா? ஒரு தொட எனக்கு" என்றார். அளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் வரப்பில் நின்று, தலைச்சுமையோடு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "ஏளா, சும்மா ஏறி எறங்குததுக்குக் கூலி உண்டான்னு கேளு, நாமளும் போவோம்" என்றாள்.

ஏழெட்டு முறை ஏறி இறங்கியிருப்பார். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மச்சான் என் பக்கத்தில் வந்து, கிண்டல் இல்லாத குரலில் சொன்னார். "வே, ஒம்ம மாப்ள மூணாவது தடவ எறங்கையிலேயே வலது கால ஊனல. கட்டைய ஊனித்தான் எறங்குதாரு. அந்தப் பக்கம் போயி முட்டிய அமுக்கிட்டு வாராரு, பாத்தீரா?" நான் பார்க்கவில்லை. இறங்குகிறவரை நிறுத்திக் கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, பழகிரும்" என்றார். வியர்வையோடு சிரித்த அந்தச் சிரிப்பில் வலி இருந்தது. மச்சானுக்கு அது முன்னாலேயே தெரிந்துவிட்டது. கயிறு பிடித்தவருக்கு ஆளின் உடம்பைத் தூரத்திலிருந்தே படிக்கத் தெரியும். எனக்கோ கோபம் வந்தது. கனம் இல்லாமல் நிலை எங்கே வரும், ஆரம்பத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று ஏதோ பேசினேன். மச்சான் மருமகன் தோளிலிருந்து கட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீரு ஒரு தடவ ஏறிட்டு வந்து சொல்லும்."

ஏறினேன். பாதி உயரத்தில் மூச்சு நெஞ்சை அடைத்தது. கட்டை ஒரு பக்கமாக இழுக்க, காலுக்கடியில் உப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அறுபது வயது என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். கீழேயிருந்து மச்சான் சத்தம் போட்டார். "என்னவே, நின்னுட்டீரு? கனம் நல்லதுன்னீரே! கீழ எறங்குததுக்குத்தானவே ஒமக்குக் கனம் வேணும்? மேல வாரதுக்குக் கயித்த ரெண்டு சுண்டு சுண்டுவீரு. ஒம்மயும் ஈயத்தையும் சங்கையும் சேத்து நான்லா தூக்குனேன்! நீரு எப்பவே தூக்குனீரு?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்த உப்புச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. கனத்தோடு பாடுபட்டவன் என்று மருமகன் சொன்னபோது நானும் அதை நம்பியிருந்தேன். ஆனால் நான் கட்டிய ஈயம் கடலுக்குள் என்னை இறக்கிவிட்டது, அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியில் அதன் பாரம் முழுவதும் இன்னொருவர் உள்ளங்கையில் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு முறையாவது அந்தக் கை எப்படி இருக்கிறது என்று நான் பார்த்திருப்பேனா? மலைக்குப் போகிறவனுக்கு மேலே ஆளில்லை. அவன் தூக்குவதையெல்லாம் அவனே ஏற்றி, அவனே இறக்க வேண்டும். கடலில் கற்றதை மலைக்குச் சொல்லிக்கொடுத்து, ஏற்கெனவே பழுதான முட்டியின்மேல் ஒன்றேகால் கிலோவைக் கூடுதலாக ஏற்றி வைத்திருக்கிறேன். நான் சொன்னேன் என்ற மரியாதைக்காக அவர் அதை வாய் திறக்காமல் சுமந்திருக்கிறார். அந்த மரியாதையோடு அவர் மலையிலிருந்து இறங்காமலே போயிருந்தால் என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? ஆண்டவரே என்று மனதுக்குள் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

மாப்பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் எந்த மாமனாருக்கும் பழக்கமில்லை. வரப்பில் பெண்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள். "மாப்ள, நான் சொன்னது தப்பு. லேசானத எடுங்க" என்றேன். அவர், "பரவால்ல மாமா, மொதலாளிக்குச் சொல்லிட்டோம்லா" என்று என் முகத்தைக் காப்பாற்றப் பார்த்தார். "சொன்னத மாத்திச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பெரியவருக்கு மலையப் பத்தி ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றேன். உப்பு ஒட்டிய விரலாலேயே செய்தி அனுப்பினார். சில நிமிடத்தில் பதில் வந்தது. முதலாளிக்கு வருத்தம் இல்லை. உன் முட்டிக்கு அதுதான் சரி, நீ எடுத்துக்கொள்கிறேன் என்றபோதே நினைத்தேன் என்று எழுதியிருந்தாராம். உதைக்கிற உதைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். குழல் முனையில் ஒரு சிறு குப்பி போல மாட்டினால் உதை பாதியாகக் குறையும், ஆட்டுக்கு ஒரு குண்டுக்கு மேல் சுடப் போவதும் இல்லை, அதனால் குழல் சூடாகாது என்றார். இதெல்லாம் அவருக்கு முந்தின நாளே தெரியும்.

மச்சான் விடவில்லை. "துப்பாக்கி லேசாச்சு. சரி. கயிறு யாரு பிடிப்பா?" என்றார். மருமகனுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அதற்கு அவர், உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கிறது என்றார். போன் எடுக்காத மலையிலிருந்தும் அது வானத்து வழியாக வீட்டுக்குச் செய்தி அனுப்புமாம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் தெரியுமாம். ஆபத்து என்றால் ஒரு பொத்தான் போதும், மீட்க ஆள் வரும். "அத ஏன் கொண்டு போவல?" என்றார் மச்சான். முதலாளியிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் கனத்த துப்பாக்கி, தண்ணீர், கறி சுமக்கிற பை என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அதையும் தடித்த மேல்சட்டையையும் போன வருடம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "கயிறு கனமா இருக்குன்னு அவுத்துப் போட்டுட்டுக் குதிச்சிருக்கீரு!"

அங்கேயே, உப்பு மலையின் நிழலில் நின்றுகொண்டு மகளைக் கூப்பிட்டோம். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் குரல் உயர்ந்தது. "அப்பா, நான் ஒங்கள என்ன சொல்லச் சொன்னேன், நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீய?" மச்சான் போனை வாங்கினார். "ஏளா, மாமா பேசுதேன். ஒங்கப்பன் கடலுக்குப் போவக் கூடாதுன்னு ஒங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்ல. கயிறு எங்கண்ணன் கையில இருக்கான்னு மட்டும் கேப்பா. ஒனக்கு அந்த ஊர்ல அண்ணன் தம்பி கெடையாது. அதனால நீயே பிடி. அவுரு மணிக்கொரு தடவ சுண்டணும். எத்தன மணிக்குத் திரும்பணுங்கத நீ சொல்லு. கயிறு பிடிக்கவ சொன்னா குளிக்கவன் கேட்டுத்தான் ஆவணும். அதுதான் நம்ம வழக்கம்." அப்புறம் அவள் மருமகனைக் கூப்பிட்டாள். அவர் போனோடு வரப்பில் தள்ளிப் போய் நின்றார். சரி, சரி என்று அவர் தலையாட்டியதை மட்டும் பார்த்தோம். திரும்பி வந்து, தனியாகப் போகக் கூடாது, மணிக்கு ஒரு செய்தி, அவள் சொன்ன நேரம் வந்துவிட்டால் எதிரே ஆடே நின்றாலும் திரும்ப வேண்டும் என்று மூன்று கட்டளைகளையும் ஒப்பித்தார். "நாலாவதா, மாமனாரு பேச்சக் கேட்டுத் துப்பாக்கி வாங்கக் கூடாதுன்னா" என்றார். மச்சான் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, புதுத் துப்பாக்கியோடு, பண்ணையில் வேலை செய்யும் இன்னொருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போனார். மூன்று மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்பது மகள் போட்ட கெடு. அப்போது நமக்குக் காலை எட்டரை. பூசை முடிந்து வந்து, நானும் மனைவியும் மச்சானும் போனை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தோம். மனைவி ஜெபமாலையை இரண்டாம் முறை தொடங்கியிருந்தாள். எட்டுக்கே மணி அடித்தது. அடிவாரத்தில் வண்டியோடு காத்திருந்த மகள்தான். முதலில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "எறங்கிட்டாங்கப்பா. வெறுங்கைய வீசிக்கிட்டு வந்துட்டாங்க." பெரிய கிடா ஒன்று எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்ததாம். இன்னும் அரை மணி நேரம் சுற்றிப் போயிருந்தால் குறிக்குள் வந்திருக்கும். சுற்றிப் போய் வந்தால் அவள் போட்ட கெடு தவறிவிடும் என்று திரும்பிவிட்டார்கள். முட்டி வலி இல்லை. மருமகன் போனை வாங்கி, "பெரிய மாமா, ஒங்க தொடை மலையிலேயே நிக்கி" என்றார். மச்சான், "நிக்கட்டும், இன்னும் கொழுக்கட்டும்" என்றார். மனைவி பாதியில் நின்ற ஜெபமாலையை முடிக்க உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய் வந்துவிட்டார். கறியோடும் வந்திருக்கிறார். மகள் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று பேசியதில்லை. இப்போது அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மகளுக்கு டியூட்டி இருக்கும்போது போனைப் பார்க்க முடியாது. அதனால் அந்தச் செய்திகள் இரண்டாவதாக இன்னொரு போனுக்கும் வருமாறு செய்து வைத்தார்கள். அந்த இன்னொரு போன் மச்சானுடையது. சாதாரண போனில் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர், அதற்காகவே புதுப் போன் வாங்கிப் படித்துக்கொண்டார். மருமகன் மலையில் இருக்கும் நாட்களில் அளத்துக் கொட்டகையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் காட்டுவார், பிறகு வா என்று. மூன்று வருடம் அப்படிப் பிடித்தார். போன தவக்காலத்தில் அவரை ஆண்டவர் அழைத்துக்கொண்டார். அடக்கத்துக்கு மகளால் வர முடியவில்லை. மறுவாரம் போனில் பேசினாள். "அப்பா, மாமா இடத்துக்கு நீங்க வாறியளா?"

வருகிறேன் என்றேன். இருபத்தாறு வருடம் கயிற்றின் கீழ்நுனியிலேயே இருந்தவனுக்கு, மேல்நுனியில் இருப்பது இப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு மணி நேரம் என்பது அவ்வளவு நீளம் என்றும் தெரியாது. ஐம்பதாவது நிமிடத்திலிருந்து கை வியர்க்கிறது. டீ குடிக்க எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. போன சனிக்கிழமை மருமகன் அதிகாலையிலேயே மலையேறியிருந்தார். நான் வாசலில் நாற்காலி போட்டு, போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். "இரி, இப்ப சுண்டுவாரு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. 'நலம்' என்று ஒரு சொல், அதன் கீழே மலையில் அவர் நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. மனைவிக்குச் சத்தமாகச் சொன்னேன். அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தட்டை எனக்கே வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். இடது கையில் தட்டை வைக்க இடமில்லை, அதில் போன் இருந்தது. அதனால் அவளே பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.